ஒரு அடி ஸ்கேலும் திருத்தம் சாரும்

2009ஆம் வருஷம் வரைக்கும் கடலூர் முதுநகரில் போய் திருநாவுக்கரசு வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மாலதி டெய்லர் வீட்டுக்காரர் என்று கேட்டால், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவர் வேலை பார்த்த இன்ஜினியரிங் கல்லூரியில் இந்த இரண்டு அடையாளமும் செல்லாது. அங்கே அவர் திருத்தம் சார்.

பெயர் வந்த கதை சின்னது. அவர் வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்த முதல் வருஷம், பிப்ரவரி முப்பதாம் தேதிக்குள் கட்டணம் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து முப்பதை அடித்து, ‘திருத்தம்: மார்ச் 2’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அவர் கணக்குப்படி அது சரிதான். பிரின்ஸ்பால் கணக்குப்படி அது கொழுப்பு. அன்றையிலிருந்து திருநாவுக்கரசு திருத்தம் சார் ஆனார்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற குடும்பம் அவருடையது. அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள், டி.எம்.இ. என்கிற மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த முதல் ஆள், சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் எல்லாம் அவரே. ஊரில் அது பெரிய விஷயம். கல்லூரியிலோ சுற்றிலும் பி.இ., எம்.இ. படித்தவர்கள். வருஷாவருஷம் எடுக்கிற ஸ்டாஃப் போட்டோவில் திருநாவுக்கரசு எப்போதும் கடைசி வரிசையின் ஓரம். ஒரு வருஷம் பாதிதான் விழுந்திருந்தார்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவர் முழுசாக இருந்தார். மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கதவில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தார். அதில் நீலத்தில் எழுதியிருந்தது:

ரோபோ கூடம்
பொறுப்பு: வெ. திருநாவுக்கரசு, டி.எம்.இ.

கல்லூரி முழுக்கத் தேடினாலும் அவர் பெயர் எழுதிய பலகை அது ஒன்றுதான். தினமும் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் கர்ச்சீப்பால் அதை ஒரு துடைப்புத் துடைப்பார். பெயர் இருக்கிற வரியை இரண்டு தடவை.

சிதம்பரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துவார்கள். ஒரு மேடை, அதில் கிடக்கும் டென்னிஸ் பந்துகள், மூன்று நிமிஷம். ரோபோ அந்தப் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். ஓடுவதற்கு முன்னால் பரிசோதனை. அளவு, எடை, பேட்டரி எல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேடை ஏற்றுவார்கள். திருத்தம் சாருடைய ரோபோ மூன்று வருஷமாக மேடையைப் பார்த்ததே இல்லை.

2006இல் பேட்டரி பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. இவர் பைக் பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோனார். மீட்டர் 12.7 காட்டியது. 2007இல் எடை வரம்பு ஐந்து கிலோவிலிருந்து மூன்றாகக் குறைந்தது. அதைச் சொல்லி வந்த தபால் பிரின்ஸ்பால் மேஜையில், பிரித்த கவரோடு, போட்டி முடிந்த பிறகு கிடைத்தது. 2008இல் இவர் தபாலை நம்பாமல் பிரவுசிங் சென்டரில் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்தார். பதினெட்டுப் பக்கம் வந்ததும் கரண்ட் போய்விட்டது. பத்தொன்பதாம் பக்கத்தில்தான், சில்லறை விஷயங்கள் என்ற தலைப்பின் கீழ், ரிமோட்டுக்கு இனி வயர் கூடாது என்று போட்டிருந்தது. திருத்தம் சார் ஐந்து மீட்டர் வயரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

நான்காவது வருஷம் பிரின்ஸ்பால் கூப்பிட்டு அனுப்பினார்.

“திருநாவுக்கரசு, பிளேஸ்மென்ட் செல்லுக்கு ரூம் கேக்கறாங்க. கம்பெனிக்காரங்க வந்தா உக்கார இடமில்ல. நீங்க என்னடான்னா மூணு வருஷமா பஸ் ஏறிப் போயிட்டுப் பஸ் ஏறி வர்றீங்க.”

“சார், விதிமுறை மாறிப்போவுது சார்.”

“எல்லாருக்குந்தான மாறுது? கப்புலாம் கேக்கலைய்யா நான். பதினாறு டீம்ல எட்டு டீம் ரெண்டாவது ரவுண்டுக்குப் போவுதுல்ல? அந்த எட்டுல ஒண்ணா வாங்க. ரூம் உங்களுக்கு. வரலன்னா பலகைய நீங்களே கழட்டிடுங்க.”

அந்த வருஷப் புத்தகம் வந்ததும் திருத்தம் சார் ஒரு காரியம் செய்தார். முழுப் புத்தகத்தையும், சில்லறை விஷயங்கள் உட்பட, மூன்று பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டார். ஒன்று கூடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று பஸ்ஸில் படிக்க. அப்புறம் ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி மூன்று பத்தி பிரித்தார். போன வருஷம், இந்த வருஷம், மாற்றம். மாறியது சிவப்பு மை. மாறாதது பச்சை மை.

டீமில் இரண்டே பேர். எழிலன், கடைசி வருஷம் மெக்கானிக்கல். ரோபோவை ஓட்டுவது அவன், சாரை ஓட்டுவதும் அவன். இசைவாணி, எலக்ட்ரானிக்ஸ், சால்டரிங் அயர்னைப் பேனா மாதிரி காதுக்குப் பின்னால் சொருகப் போய் ஒருதரம் முடியைப் பொசுக்கிக்கொண்ட பெண். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். அதனால் கல்லூரிக்குள் எதையும் பயபக்தியோடு பார்ப்பார்கள், திருத்தம் சாரைத் தவிர.

சார் ஒவ்வொரு வரியாக வாசிக்க, எழிலன் சார்ட்டில் எழுதினான்.

“ரிமோட்: வயர் கூடாது. அது போன வருஷமே மாறிடுச்சு, நமக்குத்தான் இப்ப. சிவப்பு. பேட்டரி: சின்ன செல்லு மட்டும். சிவப்பு. மேடை: பலகைக்குப் பதில் கார்ப்பெட். சிவப்புடா, நல்லா பெருசா எழுது, சக்கரம் வழுக்கும்.”

“சார், மை தீந்துடும்போல இருக்கு சார்.”

“அளவு. போன வருஷம் ஒரு அடிக்கு ஒரு அடி. இந்த வருஷம்…” சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது. இது ஒண்ணாவது மாத்தாம உட்டானுங்களே. பச்சை.”

இசைவாணி லேசாக இழுத்தாள். “ரெண்டும் ஒண்ணுதானா சார்?”

“உன் பேக்ல இருக்கிற ஸ்கேல எடு. அது பேரு என்னா?”

“ஒரு அடி ஸ்கேல்.”

“அதுல எவ்ளோ இருக்கு?”

“முப்பது.”

“அப்பறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை. இசைவாணி ஸ்கேலை உள்ளே வைத்தாள். எழிலன் பச்சையில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டான். ஓர் அங்குலத்துக்கு 2.54 என்று மூன்று வருஷமாகப் பரீட்சைப் பேப்பரில் பெருக்கித் தள்ளிய பிள்ளைகள். ஆனால் அது பரீட்சைக்கு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு அடி ஸ்கேல் என்றால் முப்பது, முப்பது என்றால் ஒரு அடி ஸ்கேல். அதை யார் போய்ப் பெருக்கிப் பார்ப்பார்கள்?

அலுமினியச் சட்டத்தைத் திருத்தம் சாரே அறுத்தார். அவருடைய கைக்கு அங்குலம்தான் தெரியும். வொர்க்‌ஷாப் இரும்பு ஸ்கேலில் பன்னிரண்டு கோட்டில் சரியாகக் குறி போட்டு, முடி இழை பிசகாமல் அறுத்தார். முன்னால் இரண்டு பிடிக்கை நீட்டிக்கொண்டு நின்ற அந்த வண்டிக்கு எழிலன் ‘நண்டு’ என்று பெயர் வைத்தான்.

கார்ப்பெட்டுக்கு ஒரு பந்தல்காரரைப் பிடித்தார்கள். அவர் கல்யாண மேடையில் விரிக்கிற சிவப்புக் கார்ப்பெட்டை, முகூர்த்தம் இல்லாத நாட்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். முதல் நாள் ஓட்டத்தில் நண்டு ஒரு பந்தையும் எடுக்கவில்லை. இரண்டு ஹேர்பின்னும் ஒரு பாக்கும் கொஞ்சம் அட்சதையும் எடுத்தது. சக்கரத்துக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய பிறகு வழுக்கல் நின்றது. தை மாதம் முகூர்த்தங்கள் ஜாஸ்தி என்பதால் கார்ப்பெட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் நண்டு முதலில் அட்சதை பொறுக்கிவிட்டுத்தான் பந்துக்கு வரும். இப்படியே மாசிக்குள் மூன்று நிமிஷத்தில் பன்னிரண்டு பந்து எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. போன வருஷம் எட்டாவதாக வந்த டீம் எடுத்தது ஒன்பது.

நண்டுக்கு ஒரு உறை வேண்டும், பஸ்ஸில் தூசி படாமல் கொண்டுபோக வேண்டும் என்று திருத்தம் சார் மனைவியிடம் சொன்னார். மாலதி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அளவு சொல்லுங்க.”

“முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர். ஒசரம் இருபது. ஜிப் வெச்சு.”

“சரி, ரெண்டு விரக்கட லூஸ் உட்டுக்கறேன்.”

“லூஸ்லாம் கூடாது மாலதி. ஆடும். பிடிக்கை வளைஞ்சிடும். முப்பதுன்னா முப்பது. இது விதிமுறை அளவு.”

“ரவிக்க தைக்க வர்றவங்ககூட இப்பிடிப் பேச மாட்டாங்க. எப்ப வேணும்?”

“வர்ற சனிக்கெழம போட்டி.”

“நாளைக்குக் குடுக்கறேன்.”

மாலதியின் ‘நாளைக்கு’ முதுநகர் முழுக்கப் பிரசித்தம். கல்யாணப் பெண்ணின் ரவிக்கையையே தாலி கட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கொடுத்தவள். புருஷன் என்பதற்காக அவள் தொழில் விதியை மாற்றவில்லை. தினமும் ‘நாளைக்கு’ என்றாள். சனிக்கிழமை விடியற்காலை, இவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கடைசி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து உறையைக் கையில் கொடுத்தாள். காக்கித் துணி, ஓரத்தில் சிவப்புப் பைப்பிங், பார்க்க அவ்வளவு லட்சணம்.

சிதம்பரம் பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடித்து நண்டை எழிலன் மடியில் வைத்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் உறையைப் போட்டார்கள். உறை நுழைந்தது, ஆனால் ஜிப் ஏறவில்லை. எழிலன் இழுத்தான். இசைவாணி இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்தாள். கண்டக்டரும் வந்து ஒரு கை கொடுத்தார். ஜிப் ஓரத்துக்கு வந்து, ஓர் எறும்பு போகிற இடைவெளியில் நின்றுவிட்டது.

திருத்தம் சாருக்குக் கோபம் வந்தது. ஊரெல்லாம் பெயர் வாங்கின டெய்லர், புருஷன் வேலையில் மட்டும் கோட்டை விடுகிறாள். செல்போனை எடுத்தார்.

“மாலதி, உறை சின்னதா தைச்சிட்ட.”

“எவ்ளோ சின்னது?”

“அரை சென்டிமீட்டர் இருக்கும்.”

“நான் தைச்சது முப்பது. என் டேப்பு பொய் சொல்லாது. உங்க வண்டி எவ்ளோ?”

“ஒரு அடி.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

“ஏங்க, ஒரு அடின்னா முப்பதரை இல்ல?”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? டேப்புல ஒரு பக்கம் இஞ்ச், மறு பக்கம் சென்டிமீட்டர். பன்னெண்டு இஞ்சுக்குப் பின்னால திருப்பிப் பாத்தா முப்பது தாண்டி அரை. எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது. நாலு பேருக்கு நடுவுல கேட்டுடாதீங்க, சிரிப்பாங்க.”

போன் கட்டானது. எழிலனுக்கும் இசைவாணிக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. அந்தக் காலத்துச் செல்போனில் ஸ்பீக்கர் போடவே தேவையில்லை. இசைவாணி மெதுவாகப் பையைத் திறந்து ஸ்கேலை எடுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் பன்னிரண்டாம் கோடு, அந்தப் பக்கம் முப்பதாம் கோட்டைத் தாண்டி, ஓரத்தில் அப்பாவி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“பச்சையில எழுதிட்டோமே சார்,” என்றான் எழிலன்.

திருத்தம் சார் ஸ்கேலை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் கண் முன்னால் ஒரு தகரப் பலகை மட்டும் நின்றது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பரிசோதனைக்கு ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. மேல வீதிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையைப் பார்த்து ஓடினார்கள். கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ரம்பமும் அரமும் கொடுத்தார், இன்ச் டேப்பும் கொடுத்தார், டிரில் மட்டும் கிடையாது என்றார். அலுமினியச் சட்டத்தின் முன்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் அரை அரை சென்டிமீட்டரை அறுத்து, அரத்தால் ராவி, டேப்பை வைத்து, மறுபடி ராவி, சரியாக முப்பதில் கொண்டுவந்து நிறுத்தினார் சார். வேலை சுத்தம். ஒரே ஒரு சங்கடம். முன் சக்கரத்தின் திருகு போட்டிருந்த துளையும் முன்பக்கத்து அரை சென்டிமீட்டரோடு போய்விட்டது. வேறு துளை போட வழியில்லாமல் சக்கரத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள்.

“தாங்குமா தம்பி?” என்றார் கடைக்காரர், எழிலனைப் பார்த்து.

“நேரா போனா தாங்கும்ணே.”

போட்டி நடந்தது வண்டிகேட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காருகிற மேடையில் பச்சைக் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். கீழே பரிசோதனை மேஜை. அதன் நடுவில் புதிதாக, வார்னிஷ் வாசனையோடு, மேல்பக்கம் திறந்த மரப்பெட்டி ஒன்று. ரோபோ அந்தப் பெட்டிக்குள் இறங்கினால் அளவு சரி. இறங்காவிட்டால் வீட்டுக்கு.

பரிசோதகர் லூர்துசாமி, ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். மூன்று வருஷமும் திருத்தம் சாரை வழியனுப்பி வைத்தவர் அவர்தான்.

“வாங்க வாங்க. உங்களைப் பாக்காம இருந்தா எனக்குப் போட்டி நடந்த மாதிரியே இருக்காது. இந்த வருஷம் எந்தப் பக்கத்தை உட்டுட்டு வந்தீங்க?”

“எல்லாம் படிச்சாச்சு சார்.”

எழிலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நண்டைப் பெட்டியில் இறக்கினான். இறங்கியது. இறங்கி, உள்ளே லொடலொடவென்று ஆடியது. லூர்துசாமி பெட்டியை ஒரு குலுக்கு குலுக்கி, “பாஸ். அடுத்து,” என்றார்.

நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொல்லைக் கேட்ட எழிலனும் இசைவாணியும் குதித்தார்கள். திருத்தம் சார் குதிக்கவில்லை. அவர் காதில் அந்த லொடலொடதான் விழுந்துகொண்டிருந்தது. முப்பதுக்கு ராவின வண்டி முப்பது பெட்டிக்குள் ஏன் ஆட வேண்டும்? சைக்கிள் கடையில் திருப்பிக் கொடுக்க மறந்த டேப் சட்டைப்பையில் இருந்தது. மேஜை ஓரமாகக் குனிந்து பெட்டியின் உள்பக்கத்தை அளந்தார்.

முப்பதரை.

ஒரு நிமிஷம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகத்தில் முப்பது சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அதைச் சிதம்பரத்து ஆசாரி யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அவர் ‘ஒரு அடிதானே’ என்று கேட்டிருப்பார். இவர்கள் ‘ஆமாம்’ என்றிருப்பார்கள். அவரும் முடி இழை பிசகாமல் அறுத்திருப்பார்.

“அப்ப நம்ம அறுத்திருக்கவே வேணாம்,” என்றாள் இசைவாணி.

“அது இருக்கட்டும்,” என்று எழிலன் சாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். “சார், நல்லா பாருங்க. பாதி டீம் ஒரு அடிக்குத்தான் செஞ்சிருக்கான். டைட்டாதான் எறங்குது. நீங்க போயி பெட்டி தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. டேப்ப வெச்சு அளந்தா ஏழு எட்டு டீம் அவுட்டு. நம்ம வண்டி கரெக்டா முப்பது. பந்தே எடுக்கலன்னாலும் ரெண்டாவது ரவுண்டு. ரூம் நம்புளுது.”

“கட்டுக்கம்பி வேற கட்டியிருக்கு சார்,” என்று இசைவாணி நினைவுபடுத்தினாள்.

திருத்தம் சார் டேப்பை ஒரு கையிலும் ஸ்பைரல் புத்தகத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு மேஜையைப் பார்த்து நடந்தார். தவறு என்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் விட்டது அவர் சரித்திரத்திலேயே கிடையாது. ஹோட்டலில் மெனு போர்டைத் திருத்தியிருக்கிறார். தன் கல்யாணப் பத்திரிகையை, அச்சடித்த பிறகு, முந்நூறு பிரதியிலும் பேனாவால் திருத்தியிருக்கிறார். இந்தத் தடவை விதியும் அவர் பக்கம், டேப்பும் அவர் பக்கம்.

மேஜையில் அடுத்த டீம் நின்றுகொண்டிருந்தது. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பாலிடெக்னிக் பெண்கள் மூன்று பேர். முன்னால் நின்றவளின் பேட்ஜில் பொன்னி என்று போட்டிருந்தது. அவர்களுடைய ரோபோ முழுக்கப் பிளைவுட். மேலே கரும்பு லாரிப் படம் ஒட்டியிருந்தார்கள். பொன்னி அதைப் பெட்டிக்குள் வைத்தாள். அது பாதியில் நின்றது. மூன்று பேர் முகமும் ஒரே நேரத்தில் கறுத்தது. அந்த முகத்தைத் திருத்தம் சாருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷமும் ஊர் திரும்புகிற பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த முகம். பொன்னி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். மேஜை டிராயர் மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டு வண்டி உள்ளே இறங்கியது.

“பாஸ்,” என்றார் லூர்துசாமி.

“சார், உள்ள போயிடுச்சு சார்!” பொன்னி சந்தோஷத்தில் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற திருத்தம் சாரிடம் சொன்னாள். “ஒரு அடி ஸ்கேல் வெச்சுத்தான் சார் அளந்தோம். கரெக்டா போயிடுச்சு!”

லூர்துசாமி இவர் கையிலிருந்த டேப்பையும் புத்தகத்தையும் பார்த்தார். “என்னா திருநாவுக்கரசு, ஏதாவது தப்பா?”

மண்டபத்துச் சத்தமெல்லாம் கொஞ்சம் தூரமாகப் போனது. எழிலன் பின்னாலிருந்து, சொல்லுங்க சொல்லுங்க என்று கையை ஆட்டினான். திருத்தம் சார் பொன்னியின் பக்கம் ஒருதரம் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல சார். ஃபேனைக் கொஞ்சம் ஜாஸ்தியா வெக்கச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு வேர்க்குது.”

எழிலன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

நண்டு நாலு வருஷத்தில் முதல்முறையாக மேடை ஏறியது. முதல் நிமிஷம் நேராக ஓடி ஐந்து பந்து எடுத்தது. ஆறாவது பந்துக்குத் திரும்பும்போது கட்டுக்கம்பி தளர்ந்தது. அதற்குப் பிறகு எழிலன் எந்தப் பக்கம் ஓட்டினாலும் நண்டு தன் பெயருக்கு ஏற்றபடி பக்கவாட்டில்தான் போயிற்று. திருத்தம் சார் கீழே நின்று, “நேரா, நேரா,” என்று கத்தினார். அது இன்னும் மூன்று பந்தை, வேண்டா வெறுப்பாக, கூடையில் கொண்டுபோய்ப் போட்டது. மொத்தம் எட்டு. கரும்பு லாரி ஒன்பது எடுத்தது.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். எட்டாவது கரும்பு லாரி. ஒன்பதாவது நண்டு.

திரும்புகிற பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அப்புறம் எழிலன்தான் ஆரம்பித்தான்.

“சார், கோவிக்காதீங்க. பிப்ரவரி முப்பதுக்கு ரெண்டே ரெண்டு நாளு தப்பு. அதையே உடல நீங்க. இன்னிக்கு அரை சென்டிமீட்டர் கண்ணு முன்னால நின்னுச்சு. ஏன் சார் உட்டீங்க?”

திருத்தம் சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். “தப்பு ஆசாரி பண்ணது. அந்தப் பொண்ணு ஏன்டா பஸ் ஏறணும்?”

திங்கள்கிழமை காலை பிரின்ஸ்பால் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். ஓடினதுக்குச் சந்தோஷப்பட்டார். அப்புறம் எண்ணைப் பார்த்தார்.

“ஒன்பதா? எட்டுன்னு இல்ல சொன்னேன்? சரி, ஒண்ணுதான குறையுது, கமிட்டியில வேணா பேசிப்…”

“வேணாம் சார். எட்டுன்னா எட்டுதான். விதி,” என்றார் திருத்தம் சார். ஸ்க்ரூ டிரைவரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நண்டுக்கு வொர்க்‌ஷாப்பில், டிரில்லிங் மெஷினுக்குப் பின்னால், ஒரு மேஜை கிடைத்தது. நல்ல துளை ஒன்று போட்டுச் சக்கரத்தைச் சரி செய்தார்கள். இசைவாணி உறையைப் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஒரே இழுப்பில் சர்ரென்று ஓரம் வரைக்கும் ஏறியது. எழிலன் சார்ட்டைக் கொண்டுவந்து மேஜைக்கு மேலே ஒட்டி, பச்சையில் இருந்த ‘மாற்றம் இல்லை’ என்பதைச் சிவப்பால் அடித்து, ‘திருத்தம்: அரை சென்டிமீட்டர்’ என்று எழுதினான். கீழே சாரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

பலகையை மட்டும் செய்தித்தாளில் சுற்றிச் சார் வீட்டுக்குக் கொண்டுபோனார். சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். வந்து பார்த்தபோது பலகையைக் காணோம். மாலதி அதைப் பிரித்து, தையல் மெஷினுக்கு நேர் மேலே, வாசலில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, ஆணி அடித்து மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏய், இங்க எதுக்கு? ரோபோ கூடம்னு போட்டிருக்கு.”

“அது கெடக்கட்டும். அடுத்த வரியப் படிங்க. பொறுப்புன்னு உங்க பேரு போட்டிருக்குல்ல? இனிமே ரவிக்க லேட்டானா உங்களக் கேக்கட்டும்.”

வாசலில் அதற்குள் ஒரு பெண் வந்து நின்றாள். மலர்க்கொடி. நாலு நாளாக ‘நாளைக்கு’ கேட்டுக்கொண்டிருப்பவள். பலகையை நிதானமாகப் படித்தாள். பிறகு மாலதியை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்தாள்.

“ஏங்க திருநாவுக்கரசு, என் ரவிக்க எப்பங்க தருவீங்க?”

முதுநகரில் அவரை முழுப்பெயர் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். திருத்தம் சார் அவள் சொன்னதில் திருத்துவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“நாளைக்குங்க,” என்றார்.